எண்ணெயில் நஞ்சா, எண்ணத்தில் நஞ்சா?



தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயை அடையுமுன் வருகின்ற ஊர் நல்லம்பள்ளி. செம்மண் காடுகளில் வானத்தை நம்பி நிலக்கடலையும் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் பயிரிடுகின்ற பூமி. கடலைக்காயைப் பறித்து, உலர்த்தி, உடைத்து, செக்கில் ஆட்டி, வீட்டுக்கு வேண்டிய எண்ணெயை எடுத்து வைத்துக்கொள்வது அப்பகுதிக் குடும்பங்களின் நெடுங்கால வழக்கம்.

அவ்வூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தார் சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மைக் காண வந்தனர். குடும்பத் தலைவர் இதய அடைப்புக்குச் சிகிச்சை பெற்று அண்மையில்தான் வீடு திரும்பியிருந்தார். பெங்களூரில் பணிபுரியும் மகன் 'கனோலா' என்று பெயர் எழுதிய எண்ணெய்ப் புட்டிகள் இரண்டை வாங்கி வந்து, இனி அப்பாவுக்கு இதில்தான் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தாயாரோ அதைத் தொடவும் மறுத்துவிட்டார்.

"சாமி, எங்க காட்டுக் கடலையை ஆட்டின எண்ணெயிலேதான் மாமனார் காலத்திலிருந்து சமைக்கிறோம். இந்தப் புட்டியிலே இருக்கிறது இயந்திரத்துக்கு ஊற்றுகிற எண்ணெயாம். இதைத் தின்று வெளிநாட்டிலே நூற்றுக்கணக்கான பேர் செத்தார்களாம். என் தம்பி மகன் கைபேசியிலே வந்ததைப் படித்துக் காட்டினான்" என்றார் தாயார்.

"அதெல்லாம் புரளி, ஃபாதர். இதயத்துக்கு உலகத்திலேயே நல்ல எண்ணெய் இதுதான். அம்மாவின் கடலை எண்ணெய்தான் அப்பாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது" என்றார் மகன்.

அந்தக் கடைசிச் சொல் தாயின் நெஞ்சில் தைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் கையால் பரிமாறிய சோறே கணவரை நோயாளி ஆக்கிற்று என்று பெற்ற மகனே சொன்னால், எந்தத் தாய்தான் தாங்குவாள்? அவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நோயாளியான தந்தை ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து நின்றார்.

நாம் மருத்துவர் அல்லர். எனினும், ஒரு வீட்டின் சமாதானம் எண்ணெய்ப் புட்டியால் குலைவதைக் கண்டு வாளாவிருக்க இயலவில்லை. தெரிந்தோரிடம் கேட்டும், நூல்களைப் பயின்றும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். தாய் சொன்னதிலும் உண்மை இருந்தது. மகன் சொன்னதிலும் உண்மை இருந்தது. இருவர் சொன்னதிலும் பெரும் பிழையும் இருந்தது.

கடுகின் உறவினர்

கனோலா என்பது தனியான ஒரு செடியன்று. ஐரோப்பியர் 'ரேப்சீட்' என்றழைக்கும் எண்ணெய்வித்தின் திருத்தப்பட்ட வகையே அது. நாம் தாளிக்கும் கடுகும், முட்டைக்கோசும், முள்ளங்கியும், டர்னிப் கிழங்கும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது ரேப்சீட். டர்னிப் கிழங்குக்கு இலத்தீன் மொழியில் உள்ள 'ராப்பும்' என்னும் பெயரிலிருந்துதான் அப்பெயர் பிறந்தது. முட்டைக்கோசு இனமும் டர்னிப் இனமும் இயற்கையில் கலந்து பிறந்த பயிர் இது என்பதை, 1935-ஆம் ஆண்டில் கொரிய வழிவந்த தாவரவியலார் ஊ ஜாங் சூன் விளக்கிக் காட்டினார்.

இந்தியாவுக்கு இக்குடும்பம் புதிதன்று. வங்காளம், பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய பகுதிகளில் குளிர்காலத்தில் வயல்கள் மஞ்சள் போர்த்தியதுபோல் பூத்துக் கிடப்பவை கடுகும் அதன் உறவுப் பயிர்களுமே. நமக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் எப்படியோ, கேரள மக்களுக்குத் தேங்காய் எண்ணெய் எப்படியோ, அப்படியே அவர்களுக்குக் கடுகெண்ணெய். இன்று நம் மாவட்டத்துத் தொழிற்கூடங்களிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் வடமாநிலச் சகோதரர்கள் மளிகைக் கடைகளில் அதையே கேட்டு வாங்குகின்றனர்.

கடுகு விதையை நம் ஆண்டவர் விண்ணரசுக்கு உவமையாக்கியதை அறிவோம். சிறியது என்று இகழத்தகாத அவ்விதையின் குடும்பம் இன்று உலக மக்களின் எண்ணெய்ப் பானைகளை நிரப்பும் பெருங்குடும்பங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

விளக்கிலிருந்து கப்பலுக்கு

"இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்" என்று அந்தத் தாய் சொன்னது முழுப் பொய்யன்று. ஐரோப்பாவில் ரேப்சீட் எண்ணெய் பல நூற்றாண்டுகள் வீட்டு விளக்குகளில் எரிந்தது. நம் நாட்டில் ஆமணக்கெண்ணெய் விளக்கெண்ணெய் என்று பெயர் பெற்றதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நீராவி இயந்திரங்கள் வந்தபின் அதற்கு வேறொரு பயன் கண்டனர். நீரும் நீராவியும் பட்டாலும் கழுவப்பட்டுப் போகாமல் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது அவ்வெண்ணெயின் இயல்பு. எனவே கப்பல் இயந்திரங்களுக்கு அது மிகவும் உகந்ததாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரத்து நின்றுபோகவே, நேச நாடுகளின் கப்பல்களுக்காகக் கனடா நாடு தன் மேற்குச் சமவெளிகளில் இப்பயிரைப் பெருமளவில் வளர்க்கலாயிற்று. போர் முடிந்தது, நீராவிக் கப்பல்களின் இடத்தை டீசல் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டன. பயிரிட்ட உழவர்கள் திகைத்தனர். வாங்குவோரற்ற விளைபொருளை என்ன செய்வது? 1956-ஆம் ஆண்டையொட்டிக் கனடாவில் அதைச் சமையலுக்குரிய எண்ணெயாகப் பிழியத் தொடங்கினர்.

ஆனால், இயந்திரத்துக்குப் பயன்பட்டதாலேயே ஒரு பொருள் உண்ணத் தகாததாகிவிடுமா? நம் வீடுகளில் குழந்தைக்கு மலம் இளக்கக் கொடுத்த ஆமணக்கெண்ணெயும் இயந்திரங்களுக்கு ஊற்றப்பட்டதே! ஒலிவ எண்ணெய் விவிலிய காலத்தில் விளக்கிலும் எரிந்தது, அப்பத்திலும் சேர்ந்தது, புண்ணிலும் பூசப்பட்டது. ஆகவே கேள்வியை வேறுவிதமாகக் கேட்க வேண்டும்: அந்த எண்ணெயில் உடலுக்குத் தீங்கானது ஏதேனும் இருந்ததா?

அரை விதையைச் சோதித்து, அரை விதையை நட்டவர்

இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. பழைய ரேப்சீட் எண்ணெயிலும் கடுகெண்ணெயிலும் 'எரூசிக் அமிலம்' என்னும் கொழுப்பு அமிலம் மிகுதி. சில வகைகளில் எண்ணெயின் ஏறத்தாழப் பாதியளவு அதுவே. எலிகளுக்கு அதனை மிகுதியாக ஊட்டிப் பார்த்தபோது, அவற்றின் இதயத் தசையில் கொழுப்புப் படிந்ததையும், நாளடைவில் தசை பழுதுற்றதையும் கண்டனர். 1970-ஆம் ஆண்டையொட்டி இச்செய்தி பல நாடுகளில் பேரச்சத்தைக் கிளப்பியது. மேலும், எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் 'குளுக்கோசினோலேட்' என்னும் காரப் பொருள்கள் மிகுந்திருந்தமையால், அதைத் தின்ற கால்நடைகளின் தைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டது.

இவ்வச்சம் எழுமுன்பே கனடாவின் பயிர் அறிஞர்கள் சிலர் வேலையைத் தொடங்கியிருந்தனர். சஸ்கட்டூன் நகரின் கீத் டவுனி, மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெபான்சன் ஆகிய இருவர் அவர்களுள் முதன்மையானவர்கள். இவர்கள் கையாண்ட வழி நம் உழவர்களும் வியக்கத்தக்கது. கடுகளவான ஒரு விதையை எடுத்து, முளைக்கும் பகுதி சேதமுறாமல் ஒரு பாதியைக் கத்தரித்து, அதிலுள்ள எண்ணெயைக் கருவியிலிட்டுச் சோதிப்பர். எரூசிக் அமிலம் குறைவாக இருந்தால், எஞ்சிய பாதியை மண்ணில் ஊன்றி வளர்ப்பர். இவ்வாறு ஆயிரக்கணக்கான விதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு தீவனப் பயிரில் எரூசிக் அமிலம் குறைந்த குணத்தையும், போலந்து நாட்டு வகையொன்றில் காரம் குறைந்த குணத்தையும் கண்டெடுத்துப் பழைய முறையிலேயே இனக்கலப்பு செய்தனர்.

1968-இல் எரூசிக் அமிலம் குறைந்த முதல் வகை வந்தது. 1974-இல் இரு குறைகளும் நீங்கிய 'டவர்' என்னும் வகையை ஸ்டெபான்சன் வெளியிட்டார். 1978-இல் இத்தகைய வகைகளுக்குக் 'கனோலா' என்று பெயரிட்டனர். கனடாவின் பெயரையும் எண்ணெயைக் குறிக்கும் சொல்லையும் இணைத்த பெயர் அது. இன்று கனோலா எண்ணெயில் எரூசிக் அமிலம் நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக்கூடாது. 1985-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பாதுகாப்பான உணவாக ஏற்றது.

ஆகவே, அந்தத் தாய் அஞ்சிய பழைய எண்ணெயும், மகன் வாங்கி வந்த புட்டியிலுள்ள எண்ணெயும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பொறுமைமிக்க உழைப்பு நிற்கிறது. கைபேசியில் வலம்வரும் மற்றொரு கதை, போர்க்களத்தில் மக்களைக் கொன்ற 'கடுகு வாயு' இவ்வெண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது என்பது. அது முழுப் பொய். நாற்றத்தால் அப்பெயர் பெற்ற அந்த வாயுவுக்கும் கடுகுச் செடிக்கும் யாதொரு தொடர்புமில்லை.

கனடாவில் 1995 முதல் மரபணு மாற்றிய கனோலா வகைகள் பயிராகின்றன என்பதும், நம் நாட்டில் மரபணு மாற்றிய கடுகுக்கு 2022 அக்டோபரில் ஆய்வுக்குழு இசைவளித்ததும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அதில் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கியதும் வாசகர்கள் அறிந்தவையே. அது தனியே ஆராயத்தக்க பொருளாதலின், இங்கே விரித்துரைக்கவில்லை.

மூன்று ஊர்களின் கண்ணீர்

"நூற்றுக்கணக்கான பேர் செத்தார்களாம்" என்று அத்தாய் சொன்னதும் உண்மையே. ஆனால், கொன்றது எது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1981-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டையடுத்த ஊரொன்றில் ஒரு சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். அடுத்தடுத்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். காய்ச்சல், மூச்சுத் திணறல், தசை வலி, பின்னர் கைகால் முடக்கம். நோயுற்றோர் ஏறத்தாழ 20,000 பேர். இறந்தோர் 300-க்கும் மேற்பட்டோர். விசாரித்தபோது, தெருவில் கூவி விற்றோரிடம் பெயர்ச்சீட்டில்லாத பிளாஸ்டிக் கலன்களில் அவர்கள் எண்ணெய் வாங்கியது தெரியவந்தது. தொழிற்சாலைப் பயனுக்கென்று இறக்குமதி செய்து, எவரும் உண்ணாதபடி 'அனிலின்' என்னும் இரசாயனம் கலக்கப்பட்ட ரேப்சீட் எண்ணெய் அது. பேராசை கொண்ட வணிகர்கள் அந்த இரசாயனத்தை நீக்க முயன்று, ஒலிவ எண்ணெய் என்று பொய் சொல்லி ஏழை மக்களுக்கு விற்றிருந்தனர். 1989-இல் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். ஆனால் முடங்கிய கால்களைத் தண்டனை நிமிர்த்துமா?

1988-இல் நம் நாட்டிலேயே, கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் மக்கள் திடீரென்று நடக்க இயலாது கால் முடங்கினர். அவர்கள் உண்ட ரேப்சீட் எண்ணெயில் 'ட்ரைகிரெசைல் பாஸ்பேட்' என்னும் தொழிற்சாலை இரசாயனம் கலந்திருந்தது. நூற்றுக்கணக்கான உழைக்கும் மக்களின் வாழ்வு ஒரே மாதத்தில் சிதைந்தது.

1998-இல் டில்லியில் கடுகெண்ணெய் உண்டோர் பலரின் கால்கள் வீங்கின, மூச்சுத் திணறியது, இதயம் தளர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; மருத்துவமனை சேர்ந்தோர் ஏறத்தாழ 3,000 பேர். அவ்வெண்ணெயில் கலந்திருந்தது பிரமதண்டு விதையின் எண்ணெய். சாம்பல் பச்சை இலையும் முள்ளும் மஞ்சள் பூவுமாக நம் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் நிற்கும் அதே பிரமதண்டுதான். அதன் விதை பார்வைக்குக் கருங்கடுகு போலவே இருக்கும். இந்த வீக்க நோய் கல்கத்தாவில் 1877-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதப்பட்டது. நூறாண்டு கடந்தும் அதே நஞ்சு அதே வழியில் வந்தது.

மூன்றிலும் கொன்றது ரேப்சீட் விதையன்று, கடுகு விதையன்று. மலிந்த பொருளை விலைமிக்க பொருளென்று விற்ற மனமே கொன்றது. அதனாலேயே இக்கட்டுரைக்கு இத்தலைப்பைக் கொடுத்தோம்.

அறிஞர்கள் இன்றும் வாதிடுவது

எரூசிக் அமிலம் மிகுந்த பழைய கடுகெண்ணெயைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் கடுகெண்ணெயை உணவுக்கென்று விற்க அனுமதியில்லை. உடலில் பூசுவதற்கு மட்டும் என்று எழுதியே விற்கின்றனர். ஆனால் எலியின் உடல் கொழுப்பைக் கையாளும் விதம் வேறு, மனித உடல் கையாளும் விதம் வேறு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. தலைமுறை தலைமுறையாக அதையே உண்டு வாழும் வங்காள மக்களும் நம் கண்முன் இருக்கின்றனர்.

2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. டில்லி, பெங்களூர் நகரங்களின் மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 350 பேரையும், வராத 700 பேரையும் ஒப்பிட்டனர். நம் ஆயர் பேரவை நிறுவிய பெங்களூர் தூய யோவான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளரும் அதில் பங்குகொண்டார். கடுகெண்ணெயில் சமைத்து உண்டவரிடையே நோய் குறைவாகவே காணப்பட்டது. கடுகெண்ணெயிலும் கனோலாவிலும் பத்தில் ஒரு பங்கு அளவில் உள்ள 'ஆல்பா லினோலெனிக்' என்னும் கொழுப்பு அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்று கருதினர். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது இல்லையென்றே சொல்லலாம்.

மகன் சொன்னதற்கு ஆதரவாக இது ஒரு சான்று. கனோலாவில் இறுகும் இயல்புள்ள நிறை கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்குதான். கடலை எண்ணெயில் அது ஏறத்தாழ 17 முதல் 20 பங்கு. பாமாயிலில் ஏறத்தாழ 40 முதல் 50. தேங்காய் எண்ணெயில் 85-க்கும் மேல். ஆயினும், "உலகத்திலேயே நல்ல எண்ணெய்" என்று அவர் சொன்னது மிகை. 2006-இல் அமெரிக்க நிர்வாகம் கனோலாப் புட்டிகளில் ஒரு வாசகம் அச்சிட இசைந்தபோது, நிறை கொழுப்புக்கு மாற்றாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 கிராம் பயன்படுத்தினால் இதய நோய் குறையலாம் என்றும், சான்றுகள் முடிவானவையல்ல என்றும் சேர்த்தே எழுதச் சொன்னது. விளம்பரங்கள் 'குறையும்' என்கின்றன; அறிவியல் 'குறையலாம்' என்கிறது. 'மாற்றாக' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பழைய எண்ணெய் ஊற்றியதற்கு மேல் புதிய எண்ணெயையும் ஊற்றினால் பயனென்ன?

பிரான்சின் லியோன் நகரில் மாரடைப்புக்குத் தப்பிய 605 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. கனோலாவிலிருந்து செய்த வெண்ணெய் போன்ற பண்டத்தை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தனர். அவர்களுள் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் காய்கறி, கனி, ரொட்டி, மீன் ஆகியவற்றை மிகுத்து, இறைச்சியைக் குறைத்தும் உண்டனர் என்பதை மறக்கலாகாது. மாறியது எண்ணெய் மட்டுமன்று. உணவுத் தட்டு முழுவதும் மாறியது.

நம் கடலை எண்ணெய் குற்றவாளியா?

இல்லை. அளவோடு உண்டால் கடலை எண்ணெய் நல்ல எண்ணெயே. இதய நோய்க்குக் காரணம் ஒன்றல்ல. புகையிலை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, பரம்பரை, கவலை, மிகை உணவு என்று பல நூல்கள் சேர்ந்து முறுக்கிய கயிறு அது. அதில் ஓர் இழையை மட்டும் பிடித்து ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குவது அறிவியலுமன்று, நீதியுமன்று.

ஆனால் நம் வீட்டுப் பொருள் என்பதாலேயே எல்லாம் தூயது என்று இறுமாந்திருக்கவும் கூடாது. ஈரத்தோடு குவித்து வைத்த கடலையில் பூஞ்சை பிடிக்கும். அப்பூஞ்சை 'ஆஃப்லாடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்ற வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அவ்வாறு நீங்க வழியில்லை. ஆகவே நல்லம்பள்ளி உழவர்களுக்கு நம் வேண்டுகோள்: காயை நன்கு உலர்த்துங்கள், பூஞ்சை பிடித்ததையும் சுருங்கிக் கறுத்ததையும் பொறுக்கி எறியுங்கள், "செக்குக்குத்தானே" என்று கழிவுப் பருப்பைச் சேர்த்து ஆட்டாதீர்கள்.

இல்லறத்தார் கைக்கொள்ளத் தக்கவை

அளவே முதன்மையானது. ஹைதராபாத் நகரிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று குறித்துள்ளது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோவுக்குச் சற்று மேல். நம் இல்லங்களில் எவ்வளவு செலவாகிறது என்பதை இல்லத்தரசியர் ஒரு மாதம் கணக்கெழுதிப் பார்த்தால் நலம். எண்ணெயைத் தூக்கில் இருந்து அப்படியே சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதிச் சீர்திருத்தம் ஆகிவிடும்.

இரண்டாவதாக, ஒரே எண்ணெயைப் பற்றிக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது என்பதே அறிஞர் கருத்து. வீட்டுக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இவற்றோடு, கடுகெண்ணெய், சோயா, கனோலா இவற்றுள் ஒன்று இடம்பெறலாம். விலை மிகுந்த புட்டியை வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. நியாய விலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலையும் அளவு குறைத்து, வேறோர் எண்ணெயோடு மாற்றிப் பயன்படுத்தலாம். நோயாளிகள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சலாகாது. விழாக் காலங்களில் வடையும் முறுக்கும் சுட்ட எண்ணெயை வாரக்கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பங்குத் திருவிழாவில் அன்னதானம் சமைப்போரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான்காவதாக, வாங்கும் இடம். உதிரியாக எண்ணெய் விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடைசெய்கிறது. பொட்டலத்தின்மீது எண்ணெயின் பெயர், தயாரித்த நாள், 14 இலக்க உரிம எண் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். கலப்பு எண்ணெய் எனில் எவை, எவ்வளவு கலந்துள்ளன என்று எழுதியிருக்க வேண்டும். செக்கில் ஆட்டுவதாயின் கண்முன் ஆட்டி வாங்குங்கள். அடக்க விலைக்கும் குறைவாக ஒருவர் எண்ணெய் தருகிறார் என்றால், அதில் வேறென்னவோ இருக்கிறது என்றே பொருள். ஐயம் எழுந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிப்பது புறங்கூறல் அன்று. அயலாரின் உயிர் காக்கும் கடமை.

தூய எண்ணெய் கேட்கும் திருச்சபை

எண்ணெயைத் திருச்சபை எவ்வளவு மதிக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்தில் ஆயர் பெருந்தகை குருக்கள் சூழ நின்று நோயாளர் எண்ணெயையும் ஆயத்தக்காரர் எண்ணெயையும் மந்திரித்து, கிறிஸ்மா தைலத்தை அர்ச்சிக்கிறார். நெடுங்காலமாக ஒலிவ எண்ணெய் ஒன்றே இதற்குரியதாயிருந்தது. ஒலிவ மரமே இல்லாத நாடுகளின் நிலையைக் கருதி, 1970-இல் வெளிவந்த புதிய சடங்குமுறையும், 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோயில்பூசுதல் குறித்து விடுத்த ஆணையும், வேறு தாவரங்களிலிருந்து எடுத்த எண்ணெயையும் ஏற்றன. 1983-இன் திருச்சபைச் சட்டமும் அதையே உறுதி செய்தது.

ஆகவே நம் காட்டுக் கடலையின் எண்ணெயும், கனடாவின் கனோலாவும், வங்காளத்தின் கடுகும் எதுவும் இழிந்ததன்று. திருச்சபை கேட்பதெல்லாம் அது உண்மையான தாவர எண்ணெயாக இருக்க வேண்டும் என்பதே. தாவர எண்ணெய் என்று சொல்லி மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த கனிம எண்ணெயைக் கலக்கும் வணிகன், வாங்கியோரின் வயிற்றை மட்டுமன்று, அருளடையாளத்தின் பொருளையே கெடுக்கத் துணிகிறான். கலப்படம் ஏழாம் கட்டளைக்கு விரோதமான களவு. அதனால் உயிர் போகும்போது ஐந்தாம் கட்டளைக்கு விரோதமான கொலை. நாம் எளிதில் காணத் தவறும் மற்றொன்றும் உண்டு. ஆராயாமல் ஒரு பொருளைப் பற்றியோ ஒரு மனிதரைப் பற்றியோ பொய்யைப் பரப்புவது எட்டாம் கட்டளைக்கு விரோதமானது. கைபேசியில் வந்ததை விரல் நுனியால் பத்துப் பேருக்கு அனுப்புமுன் இதை நினைத்துக்கொள்வோமாக.

இவற்றையெல்லாம் அக்குடும்பத்தாரிடம் பிறிதொரு ஞாயிறன்று எடுத்துச் சொன்னோம். மகன் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "அம்மா, உங்கள் சமையலால் அப்பாவுக்கு இது வந்தது என்று நான் சொன்னது தப்பு" என்றார். தாயார், "நீ அப்பாமேல் உள்ள பாசத்தில்தானேப்பா சொன்னே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை வாய் திறவாதிருந்த தந்தை சிரித்துக்கொண்டே, "சாமி, நான் பீடியை விட்டால் போதும், இவங்க ரெண்டு பேர் எண்ணெயும் எனக்கு ஒத்துக்கும்" என்றார். மருத்துவர் பலமுறை சொல்லியும் அவர் விடாதிருந்த பீடி அது! அடுத்த ஞாயிறே அதை விட்டுவிட்டதாகத் தெரிவித்தார். இப்போது அவ்வீட்டு அடுப்படியில் இரண்டு எண்ணெய்களும் அருகருகே இருக்கின்றனவாம். இரண்டையும் ஒரே சிறிய கரண்டியால் அளந்து ஊற்றுகிறாராம் அந்தத் தாய்.

பஞ்ச காலத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணின் கலயத்தில் எஞ்சியிருந்தது சிறிதளவு எண்ணெயே. அதையும் அவர் இறைவாக்கினர் எலியாவோடு பகிர்ந்துகொண்டார், கலயம் வற்றவில்லை. நம் இல்லங்களின் கலயங்களிலும் குறைந்த எண்ணெயும், நிறைந்த நேர்மையும், ஒருவரையொருவர் பழிக்காத அன்பும் என்றும் வற்றாதிருக்க இறைவன் அருள்வாராக!